சிநேகிதர் வீட்டு முன்கோபக்காரி

சொந்த வீட்டுப் பூனையிடம் வைக்கும் பிரியத்தில் உரிமையும் பழக்கமும் பாதிக்குப் பாதி கலந்திருக்கும். சிநேகிதர் வீட்டுப் பூனையிடம், அதிலும் வந்தவர் போனவர் எல்லோரையும் பார்த்துச் சீறுகிற பூனையிடம் பிரியம் வைப்பதற்கு அத்தகைய ஆதாரம் ஒன்றும் இல்லாமையால், அதன் சுபாவத்தை அறிந்துகொள்வது ஒன்றே வழியாகிறது.

என் சிநேகிதர் வீட்டில், கூடத்து ஊஞ்சற்பலகையின் ஒரு கோடியைத் தன் ஆஸ்தியாகப் பாவித்து வாழும் சாம்பல்நிற வரிப்பூனை ஒன்று உண்டு. தானாகவே வந்து மடியில் ஏறும். தடவிக்கொடுத்தால் கண்ணை மூடிச் சுகிக்கும். சற்று நேரத்துக்கெல்லாம் கையைக் கடித்துவிட்டுக் குதித்தோடும். ‘நன்றி கெட்ட ஜன்மம்’ என்று வீட்டார் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் உற்றுக் கவனித்தால், கடிப்பதற்கு முன்பே அதன் வால்நுனி துடிப்பதையும், முதுகுத்தோல் காற்றுப்பட்ட குளத்துநீர்போல் சிலிர்ப்பதையும், காதுகள் பக்கவாட்டில் திரும்புவதையும் காணலாம். ‘போதும்’ என்று அது மூன்று தடவை சொல்லியும் கேளாத கைக்குத்தான் கடைசியில் பல் பதிகிறது.

இந்த முன்கோபத்துக்குக் காரணங்கள் உண்டு. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையில் மனிதர் கை பட்டுப் பழகிய குட்டி, பிற்காலத்தில் மனிதரை அஞ்சுவதில்லை. அந்தப் பருவம் தவறினால் அச்சம் நெடுநாள் நிலைத்துவிடும். குட்டிகளை வளர்ப்பதில் தகப்பன் பூனைக்குப் பங்கில்லை என்றாலும், அதன் தைரியமும் சிநேக பாவமும் ரத்தவழியாகக் குட்டிகளுக்கு வருகின்றன என்பதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, வீட்டுப்பூனையின் முன்னோரான காட்டுப்பூனை தனித்து வேட்டையாடிய பிராணி; கூட்டத் தலைவனுக்குப் பணிந்து நடக்கும் வழக்கம் அதன் பரம்பரையிலேயே இருந்ததில்லை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004-இல் அறிவித்தார்கள். அத்தனை காலம் நம்மோடு வாழ்ந்தும் அது தன் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே அதனோடு சிநேகம் கொள்ள விரும்புகிறவர், முதல் அடியை அதனிடமே விட்டுவிட வேண்டும். நாம் வலியப்போய்த் தூக்கும்போதைவிட, பூனையே தொடங்கிய சல்லாபம் அதிக நேரம் நீடிக்கிறது என்பதை ஸூரிச்சில் டென்னிஸ் டர்னர் என்ற அறிஞர் நிரூபித்திருக்கிறார். எதிரே அமர்ந்து கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால், முன்பின் அறியாதவரிடம்கூடப் பூனை நெருங்கி வருகிறது என்று இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் சர்வகலாசாலையார் 2020-இல் வெளியிட்டார்கள். பிறகு ஒரு விரலை அதன் மூக்குக்கு நேராக நீட்டி அசையாதிருந்தால், மோந்து பார்த்து, இஷ்டமிருந்தால் கன்னத்தை உரசும்; அங்குள்ள சுரப்பிகளின் வாசனையை நம்மீது பூசித் தனக்குப் பரிச்சயமானவராக நம்மை ஏற்றுக்கொள்ளும்.

சோறு வைக்காத நம்மிடம் அது காட்டும் அந்தச் சம்மதத்துக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறும் ஒன்று உண்டு. கடுகடுப்பான பூனை திடீரென்று ஒடுங்கிக் கிடந்தாலோ, வழக்கத்தை மீறிச் சீறினாலோ, பல்லிலோ மூட்டிலோ வலி இருக்கக்கூடும். பூனை தன் நோவை மறைக்கும் பிராணியாதலால், அதன் கோபத்தின் அளவை நன்கறிந்தவருக்கே அந்த மாறுதல் புலப்படும். அதைச் சிநேகிதரிடம் எடுத்துச் சொல்லி, தாமதமின்றிக் கால்நடை வைத்தியரிடம் காட்டச் செய்வது அந்தப் பிரியத்தின் கடமை.