சிக்கலும் பின்னலும்: ஓர் ஆங்கிலச் சொல்லும் தமிழாக்கமும்

வேற்றுமொழிச் சொல்லைத் தமிழில் கொணர்வோர், அகராதி தரும் முதற்பொருளையே எல்லா இடத்தும் பெய்து அமைதல் உண்டு. அதனால் விளையும் பொருள்மயக்கத்தை அறிய, ‘டேங்கிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். நூலோ மயிரோ ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, தலைப்பும் முடிவும் தெரியாது கிடக்கும் நிலையே இதன் அடிப்படைப் பொருளாகும்.

இச்சொல் ஸ்காண்டிநேவிய மொழிவழி ஆங்கிலத்திற்கு வந்திருக்கக்கூடும் என்பர். செவ்வகத்தைக் குறிக்கும் ‘ரெக்டேங்கிள்’ என்பதற்கும் இதற்கும் உறவில்லை. அது நேர்மை, கோணம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களின் சேர்க்கை. ஒலி ஒத்திருப்பதால் வேரும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

தமிழில் இதற்கு நெருங்கி நிற்பது ‘சிக்கு’. கூந்தல் சிக்குற்றது என்கிறோம். மீன் வலையில் சிக்கியது என்றும் கூறுகிறோம். இவ்விரு பொருளும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்த வடிவங்களிலும் உண்டு. 1801ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற தாமஸ் ஜெஃபர்சன், தம் நாட்டைச் சிக்கவைக்கும் கூட்டணிகள் எவருடனும் வேண்டா என்றபோது, வலையில் அகப்படுதலாகிய பொருளையே ஆண்டார். இத்தொடரை ஜார்ஜ் வாஷிங்டனுக்கு உரியதாகப் பலர் கூறுவது பொருந்தாது.

ஆயின், இன்று ‘சிக்கல்’ என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவது நூலன்று, தொல்லையே. இங்குதான் இடர் எழுகிறது. 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், நினைவிழந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளை நரம்பணுக்களில் இழைகள் திரண்டு முறுக்கிக் கிடந்ததை விளக்கினார். இவற்றை ‘நரம்பிழைச் சிக்கல்’ என மொழிபெயர்த்தால், நோயாளியின் உறவினர் அதனை ஏதோ ஒரு கோளாறு என்றே கொள்வர். கண்ணால் காணத்தக்க ஓர் உருவம் என உணரார். ‘முடிச்சு’ எனலாமோ எனின், முடிச்சு ஒருவர் இடுவது. இது தானே விழுவது. எனவே, ‘இழைச்சிடுக்கு’ என்பதே ஈண்டுப் பொருந்தும்.

பழுதென்னும் குறிப்பே இல்லாத இடங்களும் உள. சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினத் தோற்றம் பற்றிய நூலின் இறுதிப் பத்தியில், செடிகொடிகளும் பறவைகளும் பூச்சிகளும் புழுக்களும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் ஒரு கரையை இச்சொல்லின் வழிவந்த அடைமொழியால் சுட்டினார். அதனைச் ‘சிக்கலான கரை’ என்றால் அவர் வியப்பு நமக்கு எட்டாது. ‘பின்னிக் கிடக்கும் கரை’ என்றால் எட்டும்.

இயற்பியலில் 1935இல் எர்வின் ஷ்ரோடிங்கர் வழங்கிய ‘என்டேங்கிள்மென்ட்’ என்பதும் அத்தகையதே. இரு துகள்களின் நிலையைத் தனித்தனியே முழுமையாகக் கூறவியலாது, சேர்த்தே கூறவேண்டியிருத்தலை அது குறிக்கும். இத்துறை ஆய்வுகளுக்காக ஆலன் ஆஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவரும் 2022இல் நோபல் பரிசு பெற்றனர். இதனைப் ‘பிணைப்பு’ என்றால் பாடநூல்களிலுள்ள வேதிப்பிணைப்போடு மயங்கும். ‘குவாண்டம் பின்னல்’ என்பது தெளிவு தரும்.

ஒரு சொல்லுக்குச் சிக்கு, சிடுக்கு, பின்னல் என மூன்று தமிழ்ச் சொற்கள் வேண்டப்படுவது நம் மொழியின் குறையன்று. வேறுபாடு காட்டும் அதன் வளமே ஆகும். கூந்தலின் சிக்கெடுப்போர் நுனியில் தொடங்கி மேல் நோக்கிச் செல்வர். மாணவர்களும் அவ்வாறே, சொல் வழங்கும் இடத்தை முதலில் ஆராய்ந்து, பின்னரே அகராதியை நாடுவாராக.