சிப்பியின் பசையும் சோதனைப் பட்டையின் கோடும்

கடலோரப் பாறைகளில் ஒட்டி வாழும் மசல் என்னும் சிப்பியை, இடைவிடாது மோதும் அலைகளால் எளிதில் பெயர்க்க இயல்வதில்லை. நாம் பயன்படுத்தும் பசைகளுள் பெரும்பாலானவை ஈரமான பரப்பில் பிடிப்பதில்லை. இச்சிப்பியோ உப்பு நீருக்குள்ளேயே மெல்லிய இழைகளைச் சுரந்து, அவற்றின் நுனியால் பாறையைப் பற்றிக்கொள்கிறது. இந்தப் பிடிப்பின் நுட்பம் நோய்களைக் கண்டறியும் சோதனைகளுக்கும் பயன்படக்கூடும்.

அவ்விழைகளின் நுனியிலுள்ள புரதங்களில் ‘டோபா’ என்னும் அமினோ அமிலம் மிகுந்துள்ளது. சிப்பியின் ஒட்டும் புரதத்தில் இது இருப்பதை ஹெர்பர்ட் வெயிட் என்னும் ஆய்வாளர் 1981-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். பார்க்கின்சன் நோய்க்கு வழங்கப்படும் லெவோடோபா மருந்தும் இதே அமினோ அமிலமே. எனினும், சிப்பி உணவு அம்மருந்துக்கு மாற்றாகாது.

2007-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேஷின் லீ, பிலிப் மெசர்ஸ்மித் ஆகியோர் அடங்கிய குழுவினர், டோபாவுக்கு நெருங்கிய உறவான டோபமைனைச் சற்றே காரத்தன்மையுள்ள நீரில் கரைத்து, பல்வேறு பொருள்களை அதில் மூழ்கவைத்தனர். உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகிய அனைத்தின் மீதும் ‘பாலிடோபமைன்’ என்னும் படலம் தானாகவே படிந்தது. எதுவும் எளிதில் ஒட்டாத டெஃப்லானும் இதற்கு விலக்கன்று. ஒரு நாளில் உருவான படலத்தின் தடிமன் ஏறத்தாழ 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர்கள் அடங்கும்.

இதற்கும் நோயாளிகளுக்கும் என்ன தொடர்பு? கொரோனா விரைவுச் சோதனைப் பட்டையிலும் கருத்தரிப்புச் சோதனைப் பட்டையிலும் தோன்றும் சிவப்புக் கோடு, பெரும்பாலும் தங்க நானோ துகள்களால் ஆனது. அத்துணை நுண்ணிய அளவில் தங்கம் சிவப்பாகத் தெரியும். துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள்கள், தேடப்படும் பொருளைப் பற்றிக்கொள்கின்றன. பற்றிய துகள்கள் கோட்டில் வந்து சேர்கின்றன.

ஆனால், தக்க பூச்சில்லாத தங்கத் துகள்கள் உப்பு கலந்த உடல் திரவங்களில் ஒன்றோடொன்று திரண்டு, நிறம் மாறிவிடும். எதிர்ப்பொருள்கள் கழன்றுவிடவும் கூடும். அப்போது கோடு மங்கும். நோய் இருந்தும் அது தெரியாமல் போகலாம். பாலிடோபமைன் படலமோ துகள்கள் திரளாமல் காப்பதோடு, எதிர்ப்பொருள்களை வேதிப்பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொள்ளவும் வல்லது. ஆகவேதான் ஆய்வாளர்கள் இதனை நோயறி உணரிகளில் பயன்படுத்திப் பார்த்து வருகின்றனர். எனினும், இது பெரிதும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

எனவே, இன்று நம் கையிலுள்ள பட்டைகளைக் கவனத்துடன் கையாளுதல் இன்றியமையாதது. ஈரம் பட்டையைக் கெடுக்கும். ஆதலால் பயன்படுத்தும் வேளையில் மட்டுமே உறையைப் பிரிக்க வேண்டும். காலாவதி நாளைக் காண வேண்டும். குறிப்பிட்ட நேரத்திற்குள்ளேயே முடிவைப் படிக்க வேண்டும். நேரம் கடந்தபின் தோன்றும் கோடு தவறான பொருள் தரலாம். ‘சி’ என்று குறிக்கப்பட்ட இடத்தில் கோடு தோன்றாவிடில், அச்சோதனை செல்லாது.

‘நோயில்லை’ என்று பட்டை காட்டியும் அறிகுறிகள் நீடித்தால், தயங்காது மருத்துவரை அணுகுங்கள். பட்டையின் கோட்டைவிட நோயாளியின் உடல்நிலையே முதன்மையான சான்றாகும்.