வழுக்காத பாத்ரூமுக்கு வழி இருக்கு பாஸ்!

‘‘டைல்ஸ் செலக்ட் பண்ணப் போறோம்... வர்றியா?’’ என்று அப்பா கூப்பிட்டால், ‘‘ரெக்கார்டு எழுதணும்ப்பா’’ என்று எஸ்கேப் ஆகிற பார்ட்டியா நீங்கள்? இந்த ஒரு தடவை ரெக்கார்டை மூடிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஏன்னா, பழைய பாத்ரூமை இடித்துப் புதுசாக்கும்போது வாங்குகிற பாதிப் பொருள் சுவருக்குள்ளேயோ, தரைக்கு அடியிலேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். கலர் பிடிக்கலைன்னா பெயின்ட்டை மாற்றலாம். சுவருக்குள் போன பைப்பை மாற்ற... கடப்பாரைதான்!

இன்னொரு காரணம், வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டி. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் ஒருத்தராவது இல்லாத தெரு உண்டா, சொல்லுங்கள்? வயசான காலத்தில் அப்படி ஒருமுறை விழுந்தாலே போதும், அதுவரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவர் படுக்கையில் முடங்கிப்போகலாம். ஆனா, கடைக்குள் நுழைந்ததும் நம்ம கண் எங்கே போகும்? கண்ணாடி மாதிரி மின்னுகிற டைல்ஸ் மேலதான்!

அதனால், இந்த ஷாப்பிங்குக்கு ஒரே ரூல்தான்: முதலில் கால், அடுத்து தண்ணி, கடைசியில்தான் கண்!

கால் சொல்வதைக் கேளுங்க!

சுவர் டைல்ஸ் வேறு, தரை டைல்ஸ் வேறு. சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவிகிதத்தைத் தாண்டாது, வலுவும் அதிகம். ‘‘ரெண்டும் ஒரே டிசைன்தானே’’ என்று சுவர் டைல்ஸைத் தரையில் ஒட்டுவது உடைசலுக்கு அழைப்பு.

அடுத்தது, பிடிப்பு. வழுக்காத தன்மைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு ரேட்டிங் உண்டு. நம்பர் ஏற ஏற, பிடிப்பும் ஏறும். பாத்ரூம் தரைக்கு ஆர் 10-க்குக் குறையாமல் கேளுங்கள். ஆர் 11 என்றால் இன்னும் நல்லது. இந்தச் சோதனையை ஷூ போட்டுத்தான் செய்வார்கள். வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகை இருக்கிறது. அதில் சி-தான் பெஸ்ட். கேட்லாக்கில் ரெண்டுமே இல்லையா? ஒரு சாம்பிள் டைலைக் கேட்டு வாங்கி, சோப்புத் தண்ணியை ஊற்றி, உட்கார்ந்தபடியே வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்... பார்க்கட்டும்!

தரைக்கு 2 அடிக்கு 2 அடி டைல்ஸைவிட, 1 அடிக்கு 1 அடி வசதி. இணைப்புக் கோடுகள் கூடுவதால் பிடிப்பு கூடும். தண்ணி ஓடுவதற்கு மேஸ்திரி கொடுக்கிற ‘வாட்டம்’ சின்ன டைல்ஸில் சுலபமாகச் சரியாக வரும். வாட்டம் தப்பினால் மூலையில் தண்ணி தேங்கும். பின்னாலேயே பாசி வரும்.

கையோடு, டாய்லெட் பக்கத்திலும் குளிக்கிற இடத்திலும் பிடிமானக் கம்பிக்கு இடம் குறித்துவிடுங்கள். சுவர் ஹாலோ பிளாக்கில் கட்டியதா? அந்த இடத்தை மட்டும் கான்கிரீட்டால் அடைக்கச் சொல்லி முன்பே மேஸ்திரியிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால், அவசரத்துக்குப் பிடிக்கும்போது கம்பி கையோடு வந்துவிடும்.

தண்ணி காட்டும் தண்ணி!

ஹோட்டல் அறையில் பார்த்த ரெயின் ஷவர் நம்ம வீட்டிலும் மழை மாதிரி கொட்டுமா? மெக்கானிக்கல், சிவில் மக்களே, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸைக் கொஞ்சம் தூசி தட்டுங்கள். டேங்க் தண்ணி மட்டம் ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால், கிடைக்கிற அழுத்தம் 1000 × 9.8 × 3 = 29,400 பாஸ்கல். அதாவது, சுமார் 0.3 பார். பெரிய ரெயின் ஷவர் மாடல்கள் பல, 1 பார் அல்லது அதற்கும் மேலே கேட்கும். அதற்கு டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருக்கணும். இல்லையென்றால் பிரஷர் பம்ப் வைக்கணும். ரெண்டும் முடியாதா? குறைந்த அழுத்தத்தில் ஓடுகிற சின்ன ஷவரே போதும்.

கீஸர் லைனுக்கு சி.பி.வி.சி. பைப்தான். பைப் மேல் ஐ.எஸ். 15778 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை யு.பி.வி.சி. பச்சைத்தண்ணிக்கு மட்டும்தான். சுடுதண்ணி பட்டால் நாளடைவில் இளகி, சுவருக்குள்ளேயே கசியும்.

போர் தண்ணியில் உப்பு அதிகமா? டவல் ராடு, தரை ஜாலி வாங்கும்போது உஷார். ‘‘காந்தம் ஒட்டலை பாருங்க... நல்ல ஸ்டீல்’’ என்று ஒரு மேஜிக் காட்டுவார்கள். 304 கிரேடில் காந்தம் சரியாக ஒட்டாதுதான். ஆனால், விலை குறைந்த 202 கிரேடிலும் ஒட்டாது! 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். உப்புத் தண்ணியில் அது சீக்கிரம் துருவேறும். அதனால் காந்தத்தை நம்பாமல், ‘304’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

வெஸ்டர்ன் டாய்லெட் வாங்கும் முன் கையில் ஒரு டேப் இருக்கட்டும். கழிவு தரை வழியாகப் போனால் எஸ் டிராப், சுவர் வழியாகப் போனால் பி டிராப். எஸ் டிராப் என்றால், சுவரிலிருந்து துளையின் நடு வரைக்கும் அளக்கணும். 9 இன்ச், 12 இன்ச் என்று மாடலுக்கு மாடல் மாறும். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டப் போகிறீர்களா? அந்தத் தடிமனையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கண்ணுக்கும் சான்ஸ் உண்டு!

இதெல்லாம் முடிந்ததா? இப்போ டிசைனைப் பற்றி வீட்டில் எல்லோரும் தாராளமாகச் சண்டை போடலாம். பெட்டிகளில் இருக்கிற ஷேட் நம்பர், பேட்ச் நம்பர் எல்லாம் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். மாறினால், ஒரே சுவரில் ரெண்டு கலர் பல்லிளிக்கும். 10 சதவிகிதம் கூடுதலாக வாங்கி, மிச்சத்தைப் பரணில் போட்டுவையுங்கள். குஜராத்தின் மோர்பியில் நாட்டின் பெரும்பகுதி டைல்ஸ் தயாராகிறது. அங்கே டிசைன்கள் சீக்கிரமே மாறிவிடும். நாலு வருஷம் கழித்து ஒன்று உடைந்தால், அதே டைல் கிடைப்பது குதிரைக் கொம்பு.

கடைசியாக ஒண்ணு. வாட்டர் புரூஃபிங் முடிந்ததும் டைல்ஸ் ஒட்டவிடாதீர்கள். துளையை அடைத்து, தரையில் தண்ணி கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இல்லையென்றால் பாஸ். இருந்தால், அன்றைக்கே சரிசெய்துவிடலாம். ‘‘ஒரு நாள் வேஸ்ட் ஆகுதே’’ என்று மேஸ்திரி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். அந்த ஒரு நாள் அரியரை விட்டால், பின்னால் கடப்பாரையோடுதான் கிளியர் பண்ணணும்!