மனத்தோடு பேசும் பாட்டு

மாலையில் வேலை முடிந்து வந்து வானொலியைத் திருப்பினால் பாட்டு வருகிறது. மெட்டு நன்றாயிருந்தால் தலையாட்டுகிறோம். சொல்லைக் கேட்கிறோமா? கொஞ்சம் கேட்டுப் பாருங்கள், வாசகர்களே.

1962-இல் 'சுமைதாங்கி' படம் வந்தது. அதில் கண்ணதாசன் எழுதி, விசுவநாதன்–இராமமூர்த்தி இசையமைத்து, பி.பி.சீனிவாஸ் பாடிய பாட்டு ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு இந்நேரம் மெட்டு நினைவுக்கு வந்திருக்கும். குழம்பி நிற்கும் தன் மனத்தையே எதிரே நிறுத்தி ஒருவன் கேள்வி கேட்கிறான். நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்லவில்லை. துன்பம் வரத்தான் செய்யும், வாடி நின்றால் தீராது, உன்னைவிட நொந்தவர்களை எண்ணி ஆறிக்கொள் என்கிறான்.

அந்நாளில் திருவரங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, பாட்டெழுத வாய்ப்பின்றி வாடிக் கொண்டிருந்தவர் வாலி. ஊரைவிட்டே கிளம்பிவிட முடிவு செய்திருந்த வேளையில், சீனிவாஸ் இந்தப் பாட்டை அவருக்குப் பாடிக் காட்டினார். வாலி போகவில்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தமக்குப் போட்டியாக வரப்போகிறவரைத் தம் பாட்டே பிடித்து நிறுத்தியது கண்ணதாசனுக்கு அன்று தெரிந்திருக்க நியாயமில்லை!

இந்த வழி புதிதன்று. திருவாசகத்தில் 'நீத்தல் விண்ணப்பம்' என்று 50 பாடல்கள் இருக்கின்றன. என்னைக் கைவிட்டுவிடாதே என்று மாணிக்கவாசகர் இறைவனிடம் கெஞ்சுகிறார். இரு முனையிலும் தீப்பிடித்த கட்டைக்குள் அகப்பட்ட எறும்புக்குத் தம்மை ஒப்பிடுகிறார். விறகடுப்பு ஊதிய நம் தாய்மாருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. இந்தப் பக்கம் போனாலும் சூடு, அந்தப் பக்கம் போனாலும் சூடு. அத்தனை பெரியவர் இப்படிக் கலங்கலாமா என்கிறீர்களா? கலக்கத்தை மறைக்காததால்தான் பாட்டு உருக்குகிறது. கேட்க ஒருவன் இருக்கிறான் என்று நம்பாதவன் விண்ணப்பம் போடுவானா?

தத்துவப் பாட்டு என்ற பெயரில் குடிக்கத் தூண்டும் பாட்டுகளும் வருகின்றன. அவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தோட்டம் கைமாறி லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், பரீட்சையில் தவறிய பிள்ளைகள், கடனில் மூழ்கியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! சொல்ல ஆளின்றி உள்ளுக்குள்ளேயே புழுங்கி, விபரீத முடிவைத் தேடிக்கொண்டவர்களும் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரே சோகப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டால், சத்தத்தைக் குறை என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னய்யா, மனசுக்கு ஏதும் கஷ்டமா?" என்று கேளுங்கள். பதில் வருகிற வரையில் எழுந்திருக்காதீர்கள்.