ஆணி முதல் நாய் சேகர் வரை

இரவு எட்டு மணிக்கு ஐ.டி. நிறுவனத்தில் இருக்கும் நண்பரை அழைத்து, "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டால், "ஆணி ஜாஸ்தி" என்று பதில் வரும். ஆணி என்றால் வேலை. அதிலும், யாருக்குப் பயன் என்று தெரியாமலே செய்து முடிக்கவேண்டிய வேலை.

இதன் பிறப்பிடம் 2001-ல் வெளியான 'ஃப்ரெண்ட்ஸ்'. பெயின்ட் அடிக்கப் போன பெரிய வீட்டில், தேவையில்லாத ஆணிகளைப் பிடுங்கச் சொல்கிறார் கான்ட்ராக்டர் நேசமணியாக வரும் வடிவேலு. எது தேவை, எது தேவையில்லை என்று கிருஷ்ணமூர்த்தியாக வரும் ரமேஷ் கண்ணா குழம்ப, நீ பிடுங்குவது எல்லாமே தேவையில்லாததுதான் என்று வடிவேலு சலித்துக்கொள்வார். படத்தில் திட்டு வாங்கியது கிருஷ்ணமூர்த்தி. ஆனால், சம்பளத்துக்கு உழைக்கும் ஒரு தலைமுறையே அந்தத் திட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. "ஆணி பிடுங்குறேன்" என்பவர் யாரையும் கேலி செய்வதில்லை. தன் பாட்டைச் சொல்கிறார்.

வடிவேலு தந்த சொற்கள் நிலைத்ததற்குக் காரணம் இதுதான். 'வின்னர்' (2003) படத்தின் கைப்புள்ள, சங்கம் வைத்து வீராப்புப் பேசி, கட்டதுரையிடம் அடி வாங்கித் திரும்புகிறவர். இன்று கைப்புள்ள என்றால் வாய்ச்சவடால் பேர்வழி. அப்படி அழைக்கப்பட்டவரும் சிரித்துவிடுகிறார். ஏனென்றால், வடிவேலு அந்த அவமானத்தை முதலில் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்.

கவுண்டமணியின் திட்டு வேறு ரகம். கொங்குப் பேச்சின் வேகத்தில் "பன்னித்தலையா" என்று அவர் சீறும்போது, பொருளைவிட ஓசைதான் சிரிக்க வைக்கும். அவரிடம் திட்டு வாங்கும் செந்திலும் லேசுப்பட்டவர் அல்ல. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் உதையும் வசவும் செந்திலுக்கு. ஆனால், கவுண்டமணிக்கு அவர் கேட்கும் இன்னொரு பழம் கடைசிவரை கிடைப்பதே இல்லை! திட்டுகிறவர் தோற்பதுதான் அந்தக் காட்சியின் பலம். ஏ.வீரப்பன் எழுதிய நகைச்சுவைப் பகுதி அது.

அதே ஜோடியின் படங்களில் நிறத்தையும் உருவத்தையும் குத்திய வசவுகளும் உண்டு. திரையில் செந்திலுக்கு அது நடிப்பு. பள்ளிக்கூடத்தில் கறுத்த பிள்ளையைப் பார்த்துச் சொல்லப்பட்டபோது அது நடிப்பாக இல்லை. அத்தகைய சொற்கள் வழக்கொழிந்தால் தமிழுக்கு எந்த நஷ்டமும் கிடையாது.

நேசமணிக்கு வருவோம். 2019 மே மாதக் கடைசியில், பாகிஸ்தானைச் சேர்ந்த முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. பெயரைச் சொன்ன தமிழர் ஒருவர், இதனால்தான் நேசமணியின் தலையில் அடிபட்டது என்றும் சேர்த்துவிட்டார். விஷயம் தெரியாதவர்கள் உண்மையென்று நம்பி நலம் விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் மேலே போனது. படம் வந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

'தலைநகரம்' (2006) படத்தில் "நானும் ரௌடிதான்" என்று போலீஸ் வண்டியில் வலியப் போய் ஏறிய வடிவேலுவின் நாய் சேகர் கதை இன்னும் விசேஷம். அந்த வசனம் 2015-ல் விஜய் சேதுபதி படத்துக்குத் தலைப்பானது. பாத்திரத்தின் பெயரில் 2022-ல் சதீஷ் ஒரு படத்தில் நடித்துவிட, அதே ஆண்டு டிசம்பரில் வடிவேலுவே 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' என்ற தலைப்போடுதான் வரவேண்டியிருந்தது.