தொலைந்துபோகும் இடத்தைப் படம் எடுங்கள்

நூலகத்துக்குள் எந்த இடத்தில் திசை தெரியாமல் விழிக்கிறீர்களோ, அந்த இடத்தைப் படம் எடுத்து வாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம், மாணவர்கள் கையில் கேமராவைக் கொடுத்துக் கேட்ட படங்களில் ஒன்று இது. பையில் எப்போதும் இருப்பவை, விடுதி அறை, படிக்கப் பிடித்த இடம் எனப் பட்டியல் நீண்டது.

நவீன வகுப்பறை கட்ட நினைக்கும் கல்வி நிறுவனங்கள் பலவும் எத்தனை திரை, எத்தனை கணினி என்றுதான் கணக்கைத் தொடங்குகின்றன. ரோச்செஸ்டர் மனிதர்களிடமிருந்து தொடங்கியது.

பேராசிரியர்கள் முதலில்

ஆய்வுக் கட்டுரைகளைச் சேமிக்க நூலகம் ஓர் இணையக் களஞ்சியம் அமைத்திருந்தது. பேராசிரியர்கள் அதைச் சீந்தவில்லை. 2003-இல் மானிடவியலாளர் நான்சி ஃப்ரைடு ஃபாஸ்டரின் குழு, அவர்கள் அறைக்கே போய் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தது. களஞ்சியம் என்ற பேச்சே அவர்களுக்கு அந்நியமாக இருந்தது. எழுதியதன் பழைய, புதிய பிரதிகள் குழம்பக் கூடாது. தம் ஆய்வு மற்றவர் கண்ணில் பட வேண்டும். கவலை அவ்வளவுதான். அதன் பிறகே களஞ்சியத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் உருவானது.

அடுத்து மாணவர்கள்

2004 முதல் 2006 வரை மாணவர்களின் முறை. காலை முதல் இரவு வரை எங்கே போனோம் என்று வளாக வரைபடத்தில் நேரத்தோடு குறித்தார்கள். நூலகர்கள் வீடு திரும்பிய பிறகுதான் மாணவர்களின் படிப்பு சூடுபிடிக்கிறது என்று தெரிந்தது. இரவில் உதவ நூலகர்கள் அமர்ந்து பார்த்தார்கள். பலரிடம் மடிக்கணினி இருந்தும், கனம் தாளாமல் அறையிலேயே விட்டு வந்தார்கள். ‘எல்லோரிடமும் இருக்கிறதே’ என்று நூலகக் கணினிகளை அகற்றியிருந்தால்?

பிறகு, பெரிய காலி இடம் ஒன்று கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு வரையச் சொன்னார்கள். மாணவர்களின் படங்களில் பெரிய திரைகள் இருந்தன. கூடவே சாய்ந்து உட்கார நாற்காலி, வெளிச்சம், காபி, ஸ்டேப்ளர். அந்த வரைபடங்கள் கட்டடக் கலைஞர்களுக்கு வழிகாட்டின. அப்படி உருவான கிளீசன் நூலகம் 2007-இல் திறக்கப்பட்டது.

கேட்காவிட்டால்?

மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி.யில் இயற்பியலுக்காக வட்ட மேசைகளும் சுவரெங்கும் திரைகளுமாக ‘டீல்’ வகுப்பறை வந்தது. 2003-இல் 150-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, குழுக்களைச் சீரமைத்த பிறகு நிலைமை தேறியது. முன்பு 12 விழுக்காடு வரை இருந்த தோல்வி 4 விழுக்காடானது. யோசனை நல்லதுதான். உட்காரப் போகிறவர்களின் குரலுக்கு முன்பே செவிகொடுத்திருந்தால், அந்தக் கசப்பு குறைந்திருக்கும்.

கேட்பது என்றால் ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று படிவம் நீட்டுவதல்ல. அப்படிக் கேட்டால் யாரும் ஸ்டேப்ளர் என்று எழுத மாட்டார்கள். மடிக்கணினி கனக்கிறது என்றும் சொல்ல மாட்டார்கள். அவர்களின் ஒரு நாளைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும். பென்சிலை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். பெருஞ்செலவில் திரை மாட்டுவதற்கு முன், அதே வளாகத்தில் ஒரு மாணவி வழி தெரியாமல் நிற்கும் மூலையின் படம் திட்டக்குழுவின் மேசைக்கு வரட்டும். புதிய கட்டடத்தின் முதல் வரைபடம் அதுதான்.