ஊக்கமருந்தும் உடலின் இயல்பும்: பதக்கம் யாருக்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் தோகா நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி இரண்டாவதாக வந்தார். அடுத்து வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் அவருக்கும் இடைவெளி 0.03 விநாடிதான். 800ஐ 123.16ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர். அப்படியானால் 0.03 விநாடியில் கடக்கும் தொலைவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு!

அந்த ஒரு சாண் வெற்றி நீண்ட நாள் நிலைக்கவில்லை. பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறி அவருடைய வெள்ளிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து உட்கொண்டார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. எனினும், மருந்தால் பதக்கம் இழந்தவர்களையும் அவரையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுவோர் பலர். இது சரியா? விஞ்ஞானத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது?

நான்கு கார்பன் வளையங்கள் ஒட்டிப் பிணைந்த அமைப்புடைய சேர்மங்களை ஸ்டீராய்டுகள் என்கிறோம். நம் உடலிலுள்ள கொலஸ்ட்ரால் அவற்றுள் ஒன்று. அதிலிருந்து உடல் தயாரிக்கும் ஹார்மோன்களில் ஒன்று டெஸ்டோஸ்டிரோன். இது ஆண், பெண் இருபாலரிடமும் உண்டு. ஆண்களிடம் பல மடங்கு அதிகம். ஒரு லிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்குச் சுமார் 8 முதல் 29 நானோமோல் வரையிலும், பெண்களில் பெரும்பாலோர்க்கு 2 நானோமோலுக்குக் குறைவாகவும் இருக்கும்.

இந்த ஹார்மோன் தசைச் செல்லுக்குள் நுழைந்ததும் அங்குள்ள ஏற்பி என்னும் புரதத்துடன் இணைகிறது. பூட்டில் சாவி பொருந்துவது போன்றது இது. இணைந்த இரண்டும் செல்லின் உட்கருவை அடைந்து, புரதம் தயாரிக்கும் ஜீன்களைத் தூண்டுகின்றன. தசை வலுக்கிறது. இதே வேலையைச் செய்யும் செயற்கைச் சேர்மங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றான ஸ்டானோசோலால்தான் 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய கனடா வீரர் பென் ஜான்சனின் தங்கப் பதக்கத்தைப் பறித்தது.

காட்டிக் கொடுக்கும் கார்பன்

ஸ்டானோசோலால் உடலில் தானாகச் சுரப்பதில்லை. எனவே சிறுநீரில் அது தென்பட்டாலே குற்றம் வெளிப்படும். ஆனால் ஒருவர் டெஸ்டோஸ்டிரோனையே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டால்? உடல் சுரந்ததற்கும் ஊசியில் வந்ததற்கும் மூலக்கூறு ஒன்றேயாயிற்றே, எப்படிப் பிரித்தறிவது?

இங்கேதான் இயற்பியல் உதவுகிறது. இயற்கையிலுள்ள கார்பன் அணுக்களில் நூற்றுக்குச் சுமார் 1.1 அணு கார்பன்-13 என்னும் சற்றுக் கனமான ஐசோடோப்பு. ஒளிச்சேர்க்கையின்போது சோயா, நெல் போன்ற பயிர்கள் இதைக் குறைவாக ஏற்கின்றன. கரும்பு, மக்காச்சோளம், கேழ்வரகு ஆகியவை சற்று அதிகமாக ஏற்கின்றன. மருந்துத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களிலிருந்தே டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கின்றன. நம் உடலோ பலவகை உணவுகளின் கலவையிலிருந்து அதைச் செய்துகொள்கிறது. ஆகவே இரண்டிலும் கார்பன்-13 விகிதம் சிறிது வேறுபடும். அதே மனிதரின் சிறுநீரிலுள்ள, மருந்தால் மாறாத வேறொரு ஸ்டீராய்டுடன் ஒப்பிட்டு, நிறைநிறமாலைமானி இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடும். மூலக்கூறின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் அதன் எடை உண்மையைச் சொல்லிவிடுகிறது!

சந்தேகம் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தின் மாபெரும் வீரர்களைச் சிறப்பிக்கக் கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் புகழ் மண்டபம் ஒன்று இருக்கிறது. அதில் இடம்பெற, பத்திரிகையாளர்களின் வாக்கில் 75 சதவீதம் வேண்டும். 762 ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்த பாரி பாண்ட்ஸ் 2022இல் தம் பத்தாவது, கடைசி வாய்ப்பில் 66 சதவீதமே பெற்றார். ஸ்டீராய்டு பயன்படுத்தினார் என்ற சந்தேகமே தடையாக நின்றது. தெரிந்து பயன்படுத்தியதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தண்டனையுடன் கூடிய சோதனை அந்த ஆட்டத்தில் 2004இல்தான் தொடங்கியது.

சோதனைக்கூடத்தில் நீங்கள் கற்கும் பாடம் இங்கும் பொருந்தும். அளக்காமல் விட்ட ஓர் அளவைச் சுழி என்று எழுத முடியாது. நமக்குப் பிடித்த எண்ணையும் எழுத முடியாது. சோதனை நடத்தத் தவறியவர்களின் குறையை வீரர் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுவது முறையன்று. அதே சமயம், மருந்து தொடாமல் ஆடி அவருக்குப் பின்தங்கியவர்களின் மனக்குறையையும் நாம் மறந்துவிடக் கூடாது.

உடலே சுரந்தால்?

இனி சாந்தியின் வகைக்கு வருவோம். பொதுவாகப் பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும், ஆண்களுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் உண்டு என்று படித்திருப்பீர்கள். ஆனால் இயற்கை எப்போதும் இவ்வளவு எளிமையாக நடந்துகொள்வதில்லை. ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டின்யோவுக்கு 1985இல் ஜப்பானின் கோபே நகரில் சோதனை நடந்தது. பெண்ணாகவே பிறந்து வளர்ந்த அவருடைய செல்களில் ஒய் குரோமோசோம் இருந்தது! அவர் விளையாட்டிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் அவருடைய செல்களின் ஏற்பிகள் டெஸ்டோஸ்டிரோனை ஏற்பதில்லை. சாவி இருக்கிறது, பூட்டுத்தான் திறப்பதில்லை. அப்படியானால் அந்த ஹார்மோனால் அவருக்கு என்ன ஆதாயம்? இதை எடுத்துக்காட்டி வாதாடி 1988இல் மீண்டும் போட்டியிடும் உரிமை பெற்றார். ஏற்பிகள் ஓரளவு மட்டும் வேலை செய்யும் உடல்களும் உண்டு. எனவே ஒரு குரோமோசோமையோ ஓர் எண்ணையோ மட்டும் கொண்டு ஆதாயத்தை அளந்துவிட முடியாது.

மாறிக்கொண்டே வந்த விதி

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை புகுத்தப்பட்டது. 1999இல் ஒலிம்பிக் குழு அதைக் கைவிட்டது. 2011இல் டெஸ்டோஸ்டிரோன் 10 நானோமோல் என்று ஓர் எல்லை வகுக்கப்பட்டது. ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை துத்தி சந்த் அதை எதிர்த்து வழக்காடினார். 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விதியை நிறுத்தி வைத்தது. 2018இல் சில ஓட்டங்களுக்கு 5 என்றும், 2023இல் எல்லாப் போட்டிகளுக்கும் 2.5 என்றும் எல்லை மாறியது. 2025 செப்டம்பர் முதல், உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ள ஒரு ஜீன் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. சாந்தி ஓடிய 2006இலோ, இப்படி ஓர் எண் எல்லைகூட வகுக்கப்பட்டிருக்கவில்லை!

எல்லை வேண்டும் என்போரின் வாதத்தையும் கேட்க வேண்டும். ஓட்டங்களில் ஆண்களின் உச்சச் சாதனைகள் பெண்களுடையவற்றைவிடச் சுமார் 10 சதவீதம் மேலானவை. பெண்களுக்கெனத் தனிப் பிரிவு இருப்பதே அதனால்தான். அப்பிரிவைக் காக்க விதி தேவை என்பது நியாயமே. ஆனால் விதி போட்டிக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். சோதனை முடிவு வீராங்கனைக்கும் மருத்துவருக்கும் இடையே இருக்க வேண்டும். ஊரறியப் பறைசாற்றக் கூடாது.

யாருக்கு மரியாதை?

தெரிந்தே மருந்து உட்கொண்டு, சோதனையில் அது நிறுவப்பட்டவர் பதக்கத்தை இழப்பது நியாயம். சந்தேகத்துக்கு மட்டும் உள்ளானவரின் சாதனையை, அக்காலத்தில் சோதனை இல்லை என்ற குறிப்போடு ஏட்டில் வைப்பதே நேர்மை என்பது என் கருத்து. உடலின் இயல்போடு பிறந்தவர் யாரையும் ஏமாற்றவில்லை. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மாந்தூரந்தாவுக்குப் பிறவியிலேயே அமைந்த ஜீன் மாற்றத்தால் இரத்தச் சிவப்பணுக்கள் மிகுதியாக இருந்தன. இது 1993இல் கண்டறியப்பட்டது. ஆனால் 1964இல் அவர் வென்ற இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவரை இயற்கையின் அற்புதம் என்றனர். சாந்திக்கு அந்தப் பெருந்தன்மை கிட்டவில்லை.

பதக்கம் பறிபோன பின்னரும் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அவருக்கு 15 இலட்சம் ரூபாய் வழங்கிச் சிறப்பித்தார். இடையில் செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் நிலைக்கும் சாந்தி தள்ளப்பட்டார். பின்னர்த் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார்.

மாணவர்களே, உங்கள் பள்ளி மைதானத்திலும் ஒருவரின் உயரம், குரல், உடல்வாகு ஆகியவற்றைக் கண்டு கேலி பேசுவோர் இருக்கலாம். அப்போது பூட்டையும் சாவியையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வெளியே தெரிவதை வைத்து உள்ளே நடப்பதை முடிவு செய்வது விஞ்ஞான முறை ஆகாது.